அரக்கு வைத்த கதவைக் கொளஞ்சியப்பர் திறந்து கொடுத்தார்

என் சொந்த நிலத்தில் நான் கால் வைக்கக் கூடாது என்று தண்டோரா போட்டுச் சொன்னார்கள். 1968-ஆம் வருஷம், தை மாதம். தப்பு அடித்துக்கொண்டு வந்தவர் எங்கள் கொட்டகைக்கு முன்னால் நின்று, "இந்த நெலத்துல இரு தரப்பாரும் பிரவேசிக்கக் கூடாது" என்று உரக்கச் சொன்னார். கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டின் மேல் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். நான் என் இரண்டு பெண் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்று பார்த்தேன். அழவில்லை. அழுதால் எதிரில் நிற்கிற என் வீட்டுக்காரருடைய அண்ணன் சந்தோஷப்படுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கொளஞ்சியப்பரைக் கும்பிடுகிற அன்பர்களே, அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் அஞ்சலை. விருத்தாசலத்தை ஒட்டிய கிராமம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பே நெய்வேலிக்கு மண் வெட்டும் வேலைக்குப் போய், கூலியைச் சேர்த்து, கருவேப்பிலங்குறிச்சி போகிற ரோட்டில் இரண்டு ஏக்கர் வாங்கினார். கம்புகூட ஒழுங்காக வராத மேட்டு நிலம். அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், "ஒனக்கு மூளை இருக்குதாடா? கல்லுக்குத் தீர்வை கட்டப் போறியா?" என்று ஊரார் முன்னிலையில் சிரித்தாராம்.

பிறகு விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழில் வந்தது. அரசாங்கம் பெரிய சூளை கட்டி, சின்னத் தொழில் செய்கிறவர்கள் தங்கள் சரக்கை அங்கே கொண்டுபோய்ச் சுட்டுக்கொள்ளலாம் என்றது. என் வீட்டுக்காரர் வேலை கற்றுக்கொண்டு வந்து அந்த மேட்டு நிலத்தில் கொட்டகை போட்டார். மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாம் செய்வோம். காயவைத்து, வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் ஏற்றிச் சூளைக்கு அனுப்புவோம். நானும் கூடவே நின்று கற்றுக்கொண்டேன். எங்களைப் பார்த்து அந்த ரோட்டில் இன்னும் சில கொட்டகைகள் வந்தன. மூத்தார் பார்த்துச் சிரித்த நிலத்துக்கு மதிப்பு ஏறியது.

1967 ஆவணியில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. புரட்டாசி பிறக்கும்போது அவர் இல்லை.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே மூத்தார் பேச்சை எடுத்தார்.

"தம்பி பேருல இருந்தாலும் அது குடும்பச் சொத்துதான். ஆம்பளப் புள்ள இல்லாத வூட்டுக்கு நெலம் எதுக்கு? நீயும் புள்ளைங்களும் நம்ம வூட்டோட வந்து இருங்க. கஞ்சி ஊத்தறேன்."

"எங்க கஞ்சிய நாங்களே காச்சிக்கிறோம் மாமா" என்றேன்.

அதுவரை அவர் முன்னால் நான் தலை நிமிர்ந்து பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி பச்சையம்மா அக்கா, கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

மார்கழியில் மூத்தார் ஆட்களோடு வந்தார். கல்தூண்களை இறக்கி வேலி போடக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். நான் மண் கலக்குகிற துடுப்பை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றேன். "தாராளமா நடுங்க. எங்காலு மேல நட்டுட்டுப் போங்க" என்றேன். கொட்டகையில் வேலை செய்த பெண்கள் எனக்குப் பின்னால் நின்றார்கள். தள்ளுமுள்ளு ஆனது. அவர்கள் ஆள் ஒருவருக்கு மண்டை உடைந்தது. எனக்கு இடது கை எலும்பு விட்டுப்போனது. போலீஸ் வந்தது. இந்த இடத்தில் அடிதடி ஆகி உயிர்ச்சேதம் வரும் என்று மேலே எழுதினார்கள். அதன் பேரில்தான், யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டு சொல்லும்வரை இரண்டு பேரும் உள்ளே போகக் கூடாது என்று வருவாய் அதிகாரி ஜப்தி செய்தார். நான் முதலில் சொன்னது அந்தத் தண்டோராவைத்தான்.

உள்ளே எங்கள் அச்சுகள் இருந்தன. பாதி காய்ந்த ஜாடிகள் இருந்தன. தொட்டி நிறைய கரைத்த மண் இருந்தது. அச்சுகளையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். கூடாது என்றார்கள். வாழ்க்கையில் நான் ஒருவரிடம் கெஞ்சியது அதுதான் கடைசி.

அடுத்த நாளே வேறொருவர் கொட்டகையில் கூலிக்குப் போனேன். என் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைத் திருப்பிக்கொண்டு போவேன் என்று மூத்தார் நினைத்திருப்பார். நான் தினமும் நின்று, கதவைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். பெரியவள் வள்ளியை ஸ்கூலிலிருந்து நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்பச் சொன்னார்கள். நிறுத்தவில்லை. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, "பாதிய வுட்டுக் குடு, பகை தீந்துபோவும்" என்றார்கள்.

"அவரு பாதிதான் மண்ணு வெட்டுனாரா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு என் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவது குறைந்துபோனது.

வழக்கு நடந்தது. விருத்தாசலம் கோர்ட்டில் 1970-இல் நிலம் எனக்கும் என் பெண்களுக்கும்தான் என்று தீர்ப்பாயிற்று. மூத்தார் கடலூர் கோர்ட்டுக்கு அப்பீல் போனார். அதுவும் 1972 கார்த்திகையில் தள்ளுபடியானது. கடலூரில் கோர்ட்டுக்கு வெளியே புளிய மரத்தடியில் என் வக்கீல் ஐயா சிரித்த முகத்தோடு வந்து, "ஜெயிச்சிட்டோம்மா" என்றார்.

"அப்ப நாளைக்குக் கதவத் தொறந்துடலாமுங்களா?"

அவர் முகத்தில் சிரிப்பு குறைந்தது. "நெலம் ஒங்களுதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சும்மா. ஆனா ஜப்தி போட்டது அதிகாரி. அவருதான் எடுக்கணும். மனு போடுவோம்."

மனு போட்டோம். மூத்தாரும் ஒரு மனு போட்டார். தீர்ப்பு என்னவாக இருந்தாலும் அந்தப் பெண்ணை உள்ளே விட்டால் அங்கே கொலை விழும், ஊர் இரண்டுபடும் என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து அதிகாரி தயங்கினார். நிலைமை சரியாகட்டும், பார்ப்போம் என்றார். நான் அவர் மேசைக்கு முன்னால் நின்று கேட்டேன்.

"கொலை வுழும்னு சொல்றவரு வெளியில சுத்துறாரு. சொந்தக்காரி நான் வெளியில நிக்கறேன். இது என்னங்க ஐயா நியாயம்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. "எனக்கு உசுரு முக்கியம்மா" என்றார். "எனக்கும் அதுதாங்க ஐயா. எங்க மூணு உசுரு அந்தக் கொட்டகைக்குள்ளதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்பர்களே, கதவுக்கு அரக்கு வைத்தபோதுகூட எனக்கு அத்தனை சோர்வு வந்ததில்லை. ஜெயித்த பிறகு வந்தது. வழக்கு நடக்கும்போது ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். ஜெயித்தும் கதவு திறக்காதபோது, யாரிடம் போய் இன்னும் என்ன கேட்பது? வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போன வள்ளியிடம், "இன்னிக்கு வேணாம், வை" என்றேன். ஒரு மாதம் எங்கள் வீட்டில் சாமி விளக்கு எரியவில்லை. சமைக்கவும் மனம் இல்லை. சின்னவள் பசி என்று சொன்னபோது எரிந்து விழுந்தேன். பிறகு அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மூத்தார் மேல் இல்லை. சாமி மேல்.

கோபத்தோடு எங்கே போவது? கொளஞ்சியப்பரிடம்தான் போக முடியும்.

வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூரில் இருக்கிற எங்கள் கொளஞ்சியப்பர் முருகன்தான். ஆனால் வேலும் மயிலுமாக நிற்கிற உருவம் கிடையாது. கண் மூக்கு இல்லாத கல்லாக இருக்கிறார். அவரிடம் பிராது கொடுக்கலாம். நம் குறையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் குருக்கள் அதைச் சாமி பாதத்தில் வைத்து, திருநீறோடு பொட்டலமாகக் கட்டித் தருவார். அதை முனியப்பர் சந்நிதியில் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்ததும் திரும்பப் போய், தீர்ந்தது என்று ராஜினாமா கொடுத்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குப் பயப்படாதவர்கள்கூட இந்தப் பிராதுக்குப் பயப்படுவார்கள்.

1973 மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. வீட்டிலிருந்து நடந்தே போனேன். எழுதத் தெரியாதவர்களுக்காக அங்கே ஒருவர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எதிராளிக்கு என்னா தண்டனை கேக்கறீங்க?" என்றார்.

"தண்டனை வேணாங்க. அவரு நல்லா இருக்கட்டும். நான் ஜெயிச்சத அவரு கண்ணால பாக்கணும். எனக்குக் கதவு தொறந்தாப் போதும்."

"அப்ப, ஏழை மேல எரக்கம் வைக்கணும்னு போட்டுறலாமா?"

"எரக்கமும் வேணாம். குடுங்க, நானே எழுதறேன்."

வாங்கி எழுதினேன். எழுதியது இதுதான்: "கொளஞ்சியப்பா, நான் அஞ்சலை. நிலம் என்னுடையது என்று இரண்டு கோர்ட்டு சொல்லிவிட்டது. நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் என்றால் கதவைத் திற. இல்லை என்று நினைத்தால் அதையாவது சொல். சும்மா இருக்காதே."

எட்டிப் பார்த்த அந்த மனிதர், "சாமிக்கு இப்பிடி எழுதலாமாம்மா?" என்று பதறினார். "வேற யாருக்குங்க நான் இப்பிடி எழுத முடியும்?" என்று கேட்டேன்.

சந்நிதியில் நின்று அந்தக் கல்லையே பார்த்தேன். அதற்கு முகம் இல்லை. ஆனாலும் என்னைப் பார்க்கிறது என்று உடம்பில் தெரிந்தது. வேலில் பொட்டலத்தை இறுக்கிக் கட்டினேன். வீட்டுக்கு வந்து, நானே விளக்கேற்றினேன்.

அஞ்சலை பிராது கட்டிவிட்டாள் என்று ஊருக்குள் பரவியது. கொஞ்ச நாளில் மூத்தார் ஓர் ஆளை அனுப்பினார். பிராதை எடுத்துவிட்டால், பாதி நிலத்துக்கு மேல் கேட்க மாட்டாராம். "சாமிகிட்ட குடுத்த பொறவு அது எங்கையில இல்லீங்க" என்று சொல்லி அனுப்பினேன். உள்ளுக்குள் எனக்குப் பயமும் இருந்தது. ஒன்றும் நடக்காவிட்டால் ஊர் சிரிக்குமே என்று. அந்தப் பயம் வரும்போதெல்லாம், "நீ சொன்னியே, செய்" என்று சாமியிடம் சத்தமாகச் சொல்வேன். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் பழைய அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் மனுக்களைப் பார்த்துவிட்டு, நேரில் வந்து இடத்தைப் பார்க்கிறேன் என்றார். சித்திரை வெயிலில் ஜீப் வந்து நின்றது. அங்கே நான் தனியாக நின்றேன். கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று வக்கீல் ஐயா சொல்லியிருந்தார். எதிரில் மூத்தாரும் அவரைச் சேர்ந்தவர்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சில பேர் கையில் கழி இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்து வந்திருந்தார்கள். பச்சையம்மா அக்கா அவர்களோடு நின்றார்.

"பாருங்க ஐயா" என்றார் மூத்தார். "இத்தினி பேரு கொதிச்சிப் போயிருக்காங்க. கதவத் தொறந்தா என்னா ஆவும்னு நீங்களே யோசிங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றீங்க?"

"நான் உள்ள போவத்தாங்க வந்திருக்கேன். செத்தாலும் உள்ளதான் சாவேன். நீங்க கதவத் தொறந்து வுடுங்க" என்றேன்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு வருஷம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மனசுக்குள், "கொளஞ்சியப்பா, இப்ப" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அந்தக் கூட்டத்திலிருந்து பச்சையம்மா அக்கா நடந்து வந்தார். யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு வந்தார். ரோட்டைக் கடந்து என் பக்கத்தில் வந்து நின்று, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். என் மூத்தாருக்கு எதிரில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"ஐயா, நான் அவரு சம்சாரம். இங்க எந்தக் கொலையும் வுழாது. இவங்கள்லாம் அவரு கூப்ட்டாருன்னு வந்தவங்க. வெயிலு ஏறுனா வூட்டுக்குப் போயிடுவாங்க. இந்த நெலம் எங்கொழுந்தனாரு மண்ணு வெட்டி வாங்கனது. எங்க வூட்லேருந்து ஒரு சல்லி போவல. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்."

"ஏ, வாய மூடு!" என்று மூத்தார் கத்தினார்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "எனக்கும் ஒரே பொண்ணுதான். நாளைக்கு அவள எவனாச்சும் இப்பிடி ரோட்ல நிறுத்துனா நீங்க சும்மா இருப்பீங்களா? வெட்டறதுன்னா வாங்க. என்ன மொதல்ல வெட்டிட்டு அப்பறமா அவகிட்ட போங்க."

ஒருவரும் அசையவில்லை. கழி வைத்திருந்த ஒருவர் அதை மெதுவாக வேலியோரம் சாய்த்து வைத்தார். அதிகாரி சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "இந்தம்மா உள்ள போறதத் தடுக்கறவங்க யாரு? முன்னால வாங்க. பேரக் குறிச்சிக்கறேன்" என்றார். கூட்டம் பின்னால் நகர்ந்தது. மூத்தார் மட்டும் நின்றார். அவரும் முன்னால் வரவில்லை.

வைகாசி பிறப்பதற்குள் ஜப்தியை நீக்கி உத்தரவு வந்தது. ஆட்கள் வந்து அரக்கை உடைத்தார்கள். பூட்டு துருப்பிடித்திருந்ததால் சாவி திரும்பவில்லை. சுத்தியால் அடித்துத்தான் உடைத்தார்கள். உள்ளே கூரை பாதி விழுந்திருந்தது. அச்சுகள் பலவும் மழையில் ஊறி உதிர்ந்துபோயிருந்தன. தொட்டியில் மண் பாறையாகக் கெட்டியாகியிருந்தது. வள்ளி அதைப் பார்த்து அழுதாள். "மண்ணு கெட்டுப் போவாது, போயி தண்ணி எடுத்தா" என்றேன். குடம் குடமாக ஊற்றினோம். அடுத்த நாள் காலையில் கையை விட்டுப் பார்த்தேன். கூழாகக் குழைந்திருந்தது. அங்கேயே, தரையில், தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தண்டோரா போட்ட அன்றைக்கு அழாததையெல்லாம் அழுது தீர்த்தேன்.

பச்சையம்மா அக்காவை மூத்தார் வீட்டில் சேர்க்கவில்லை. அவர் என்னோடுதான் இருந்தார். ஒரு நாள் அச்சு துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஏங்க்கா, அன்னிக்கு எப்பிடி வந்தீங்க?"

"நீ பிராது கட்டுனன்னு கேள்விப்பட்டதுலேருந்து அவருக்குத் தூக்கமே இல்ல அஞ்சல. எனக்குந்தான். அவருக்குப் பயத்துல, எனக்கு வெக்கத்துல. அன்னிக்கு ரோட்ல நிக்கறப்ப, நெஞ்சப் புடிச்சி யாரோ தள்ளுன மாதிரி இருந்துது. காலு தானா வந்துடுச்சி."

யார் தள்ளியது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நான் மேலே பார்த்துக்கொண்டு அதிகாரி மனசு மாற வேண்டும், கோர்ட்டு உத்தரவு வேகமாக வர வேண்டும் என்றெல்லாம் வேண்டியிருந்தேன். கொளஞ்சியப்பர் எதிராளி வீட்டுக்குள்ளிருந்தே எனக்கு ஆள் கொண்டுவந்தார். மனிதர் யாராலாவது இப்படி யோசிக்க முடியுமா?

அந்த ஆடிக் கிருத்திகைக்கு நானும் அக்காவும் மணவாளநல்லூர் போய் ராஜினாமா கொடுத்தோம். "சாமி, திறந்துவிட்டாய். சரி" என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. அக்காதான் என் சார்பில் விழுந்து கும்பிட்டார். பிறகு நானும் விழுந்தேன். எழுந்திருக்க நேரமானது.

சில மாதம் கழித்து மூத்தார் ஆள் அனுப்பி அக்காவை அழைத்துக்கொண்டார். போகும்போது, "பகல்ல நான் கொட்டகைக்கு வருவேன். அதுக்குச் சம்மதம்னா வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வருகிறார். மூத்தார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் பிராது கட்டவும் இல்லை.

இப்போது இங்கே பத்துப் பெண்களுக்கு மேல் வேலை செய்கிறார்கள். வள்ளி எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு என்னோடு நிற்கிறாள். நிலத்தை இரண்டு பெண்கள் பேரிலும் எழுதி வைத்துவிட்டேன். "பொண்ணுங்க பேருலயா?" என்று யாராவது கேட்டால், "ஆமா" என்று மட்டும் சொல்கிறேன். விளக்கம் சொல்கிற வழக்கத்தை விட்டுவிட்டேன்.

திட்டக்குடி, நல்லூர் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். நிலம் போனவர்கள், வீடு போனவர்கள், தீர்ப்பு வாங்கியும் வாசலில் நிற்கிறவர்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். வக்கீலிடம் போங்கள். அதிகாரியிடம் போங்கள். போக வேண்டிய இடத்துக்கெல்லாம் நடந்து போங்கள். சாமி நம்மை வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அவரிடமும் போங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடு போங்கள். கோயிலுக்குக் குளித்துவிட்டு வருவதுபோலக் கோபத்தையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. சாமி முன்னால் விழுந்து கும்பிடுவது மரியாதை. கும்பிட்டு எழுந்ததும் நிமிர்ந்து நின்று, என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று நம்புகிறவர்களால்தான் அப்படி நிற்க முடியும்.